பொதுச் சுவர்

சிரஞ்சீவிக்கு,

 

உன் கடிதம் நேற்று வந்தது. சென்னையில் நீ புதிதாகக் குடியேறியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், பக்கத்துக் குடித்தனத்தின் மிக்ஸி விடியற்காலை 5 மணிக்கே உன் தலைமாட்டில் இரைகிறதென்றும், இரவு 11 மணி வரையில் அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சி உன் வீட்டிலேயே நடப்பதுபோலக் கேட்கிறதென்றும், மேல்மாடியில் நாற்காலி இழுபடும் ஓசையால் புத்தகத்தில் கருத்து ஊன்றவில்லையென்றும் எழுதி, இனிப் போலீசில் புகார் கொடுப்பதுதான் வழியா என்று கேட்டிருக்கிறாய். உறக்கம் கெட்டவனுடைய துன்பத்தை அற்பமென்று நான் எண்ணவில்லை. பசியைப்போலவே தூக்கமும் சரீரத்தின் உரிமை. அதைப் பறிகொடுத்தவனிடம் பொறுமையை மட்டும் உபதேசிப்பது தர்மமாகாது. ஆயினும், வீட்டுக்கு வீடு வாடகையும் வசதியும் வேறுபட்டாலும் சுவர் மட்டும் இருவருக்கும் பொதுவாயிருப்பதால், அதன் வழியே வரும் ஓசையும் இருவருக்கும் பொதுவான விஷயம் என்பதை நீ முதலில் உணரவேண்டும். இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவர் ஓர் அச்சுக்கோப்பாளர்.

அப்பொழுது நான் கல்லூரி மாணவன். திருவல்லிக்கேணியில் கோயில் குளத்துக்கு அருகே ஒரு சந்தில், ஆறு குடித்தனங்கள் இருந்த வீட்டில், ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். பெரிய கூடமொன்றை இரண்டாகப் பிரிப்பதற்காக வீட்டுக்காரர் பிற்காலத்தில் எழுப்பிய நாலரை அங்குலச் சுவர்தான் எனக்கும் அடுத்த குடித்தனத்துக்கும் நடுவே இருந்தது. அந்தப் பக்கத்தில், ஒரு நாளிதழ் அச்சகத்தில் இராவேலையாக எழுத்துக் கோக்கும் பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் வசித்தார்கள். அந்த அம்மாள் பின்னிரவு 4 மணிக்கு ஆட்டுக்கல்லில் மாவரைக்கத் தொடங்குவார். குழவி சுற்றும் ஓசை தரைவழியாகவே வந்து என் பாயில் ஏறும். பல நாள் பொறுத்திருந்து, ஒரு நாள் கோபம் மீறிச் சுவரைக் கைமுட்டியால் ஓங்கி இடித்தேன். அக்கணமே ஓசை நின்றது.

மறுநாள் மாலை கிணற்றடியில் அவர் என்னிடம் வந்து, "தம்பி, நான் வேலை முடிந்து 5 மணிக்கு வந்து படுப்பேன். என் தூக்கம் கெடக்கூடாதென்று அதற்கு முன்பே அவள் அரைத்து முடித்துவிடுகிறாள். உங்களுக்கு இடைஞ்சலாயிருக்கும் என்று தோன்றாமற்போயிற்று" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "ஒன்று சொன்னால் தப்பாக நினைக்கக்கூடாது. காலையில் உரக்கப் படிக்கிறீர்களே, வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்த வருஷத்தை நித்தியம் 1489 என்றே சொல்லுகிறீர்கள், அது 1498. பரீட்சையில் அப்படியே எழுதிவிடப் போகிறீர்கள்" என்றார்.

காலை 6 மணி முதல் 8 மணி வரையில் சுவரோரமாக உட்கார்ந்து நான் உருப்போட்ட பாடம் முழுவதையும், இரவெல்லாம் நின்று உழைத்து வந்த ஒரு மனிதர், தாம் உறங்கவேண்டிய வேளையில் கேட்டுக்கொண்டே படுத்திருந்திருக்கிறார். மாதக்கணக்கில் ஒரு சொல்லும் சொன்னதில்லை. இடம் மாறிக் கிடக்கும் எழுத்துக்களை எடுத்துச் சரியாக வைப்பது அவர் தொழில். என் வருஷத்தைத் திருத்தியதோடு, சுவரின் ஒரு பக்கத்தை மட்டுமே அறிந்திருந்த என் நியாயத்தையும் அவர் அன்று திருத்திவிட்டார். அந்த வாரத்திலேயே நான் படிப்பை மொட்டைமாடிக்கு மாற்றிக்கொண்டேன். அவர்கள் ஆட்டுக்கல்லைச் சுவரை விட்டு நகர்த்தி, நாலாக மடித்த கோணிச்சாக்கின்மேல் வைத்தார்கள். ஓசை வெகுவாகக் குறைந்தது. எஞ்சியிருந்த ஓசையும், ஒருவருடைய உறக்கத்தைக் காப்பதற்காகவே அது எழுகிறது என்று தெரிந்தபின், என்னை எழுப்பவில்லை.

அந்தச் சாக்கு செய்த வேலையின் சாஸ்திரத்தைப் பின்னாளில் அறிந்தேன். ஓசை ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்கு இரண்டு மார்க்கங்களில் வருகிறது. பேச்சு, பாட்டு, தொலைக்காட்சி முதலியவை காற்றை அசைக்க, காற்று சுவரை அசைக்க, சுவர் மறுபுறத்துக் காற்றை அசைப்பதால் கேட்கின்றன. ஆட்டுக்கல், மிக்ஸி, சலவை இயந்திரம், இழுபடும் நாற்காலி, ஆணியடிக்கும் சுத்தியல் ஆகியவையோ கட்டடத்தின் உடலையே நேராக அதிரச் செய்கின்றன. தூணும் உத்தரமும் தளமும் ஒரே காங்கிரீட்டாகப் பிணைந்திருக்கும் இக்காலக் கட்டடங்களில் அந்த அதிர்வு அடுத்த வீட்டோடு நில்லாமல் அதற்கப்பாலும் பரவுமாதலால், ஓசை பிறந்த இடம் இதுவென்று செவியால் துணிவதுகூட எளிதன்று. மேல்மாடிக்காரர்மேல் நீ சுமத்தும் குற்றம் வேறொருவருடையதாகவும் இருக்கலாம். விசாரித்தறிந்த பின்பே பேசு.

முதல் வகை ஓசையைத் தடுப்பது சுவரின் கனம். கனத்தை இருமடங்காக்கினால் சுமார் 5 அல்லது 6 டெசிபல் குறையும். ஆனால் 10 டெசிபல் அளவு குறைந்தால்தான் ஓசை பாதியாயிற்று என்று செவிக்குத் தோன்றும். ஆகையால் நாலரை அங்குலச் சுவரை ஒன்பது அங்குலமாக்கினாலும் பூரண நிசப்தம் வாய்க்காது. தாழ்ந்த சுருதியுடைய ஓசை கனத்த சுவரையும் ஊடுருவ வல்லது. பாட்டின் சொற்கள் கேளாமல் தாளம் மட்டும் நெஞ்சில் இடிப்பதற்குக் காரணம் அதுவே. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மற்றப் பகுதி மலைபோல் இருப்பினும், 20 டெசிபலுக்கு மேல் அது தடுக்காது. எனவே உன் செலவை முதலில் கதவின் அடி இடுக்கிலும், சன்னலின் சந்துகளிலும், இரு வீட்டு மின்பெட்டிகளும் முதுகோடு முதுகாக அமைந்த துவாரங்களிலும் செய்.

சுவரில் பஞ்சுப் பலகை ஒட்டலாமா என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், எதிரொலியால் பேச்சே விளங்காத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சீர்ப்படுத்தும் பணியை 1895இல் ஏற்ற வாலஸ் சபைன் என்னும் பேராசிரியர், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து அடுக்கி, மெத்தைகள் மிகுந்தோறும் ஓசை அறைக்குள் நீடிக்கும் நேரம் குறைவதை அளந்து காட்டினார். மென்மையான பொருள்கள் அறைக்குள் எதிரொலியை விழுங்குகின்றன. அடுத்த வீட்டு ஓசை சுவரைக் கடந்து வருவதை அவை நிறுத்திவிடமாட்டா. ஆகவே அந்தச் செலவு வேண்டாம்.

இரண்டாவது வகை ஓசையோ, வந்து சேரும் இடத்தில் தடுப்பதற்கு அரியது. பிறக்கும் இடத்தில் தடுப்பதற்கு மிக எளியது. மிக்ஸியின் அடியில் ஒரு தடித்த ரப்பர்த் துண்டு, நாற்காலிக் கால்களுக்கு நான்கு கம்பளி வில்லைகள், ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே சிறிது இடைவெளி ஆகியவை போதும். ஆனால் அவற்றை வைக்கவேண்டிய கை அடுத்த வீட்டில் இருக்கிறது. பணத்தால் உன் வீட்டுக்குள் எதைச் செய்தாலும், அந்தக் கையின் நல்லெண்ணத்துக்கு அது ஈடாகாது.

இதற்குச் சரித்திரமே சாட்சி. ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல், லண்டனில் செல்ஸி பகுதியில் வசித்தபோது, அண்டை வீட்டுச் சேவல்களாலும் பியானோவாலும் எழுத முடியாமல் தவித்து, 1853இல் தம் வீட்டின் உச்சியில் இரட்டைச் சுவர்கள் அமைத்து, கூரைவழியே மட்டும் வெளிச்சம் வரும்படி ஓர் அறை கட்டுவித்தார். நிசப்தத்தை நாடிக் கட்டிய அவ்வறையில் நிசப்தம் கிட்டவேயில்லை. அதுவரை கேளாதிருந்த தூரத்து ஓசைகள் அங்கே வந்து அவரை வருத்தின. சேவல்களின் தொல்லையோ, அவர் மனைவி ஜேன் அண்டை வீட்டாரோடு பேசி உடன்பாடு செய்துகொண்டதால் ஒழிந்தது. இரட்டைச் சுவரால் ஆகாததை ஒரு பேச்சு சாதித்தது.

இப்படிச் சொல்வதால், எல்லாவற்றையும் சகித்துக்கொள் என்று நான் கூறுவதாக எண்ணாதே. உறங்கும் அறையில் ஓசை 30 டெசிபலுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையில் இரவென்று வகுத்திருக்கின்றன. தன் வீட்டிற்குள்ளேயே எழுப்பினாலும், எல்லை கடந்து பிறரை வருத்தும் ஓசைக்கு ஒருவன் உரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2005இல் தீர்ப்பளித்திருக்கிறது. நயமாகச் சொல்லியும் கேளாமல், நள்ளிரவில் ஒலிபெருக்கியை முழக்குபவர்கள்மீது புகார் கொடுப்பது உன் உரிமை, அதில் வெட்கமில்லை. ஆனால் அதைக் கடைசிப் படியாக வைத்துக்கொள். புகார் கொடுத்த மறுநாளும் அதே மாடிப்படியில் அவர்களை நீ எதிர்கொள்ளவேண்டும்.

அடக்கச் சொல்லவே கூடாத ஓசைகளும் உண்டு. பச்சைக் குழந்தையின் அழுகை, நோயாளியின் இருமல், இழவு வீட்டின் புலம்பல் ஆகியவற்றுக்கு அடுத்த வீட்டார் செய்யத்தக்கது, கதவைத் தட்டி ஏதேனும் உதவி வேண்டுமா என்று கேட்பதுதான். இவற்றுக்கும் மேலாக, கேட்டும் கேளாததுபோல் இருக்கக்கூடாத ஓசை ஒன்று உண்டு. சுவருக்கு அப்பால் ஒரு பெண்ணோ குழந்தையோ அடிபட்டு அலறுவதைக் கேட்டால், அது அவர்கள் குடும்ப விஷயம் என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்ளாதே. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்னும் உதவி எண்கள் இருக்கின்றன. குடும்ப வன்முறையைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், அது நடந்ததாக நம்பக் காரணமுள்ள எவரும் தகவல் தரலாமென்றும், நல்லெண்ணத்தோடு தந்தவருக்கு அதனால் பொறுப்பேதும் வாராதென்றும் கூறுகிறது. சுவர் மெல்லியதாயிருப்பதன் பயன் இதுவாகவும் இருக்கட்டும்.

ஆகவே, குழந்தாய், இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, கோபமில்லாத வேளையில், பக்கத்து வீட்டுக்குப் போ. மிக்ஸியைப் பற்றி எடுத்தவுடன் பேசாதே. "எங்கள் வீட்டிலிருந்து உங்களுக்கு என்ன ஓசை கேட்கிறது?" என்று முதலில் விசாரி. நள்ளிரவில் நீ தொலைபேசியில் உரக்கப் பேசுவதையும், கதவை அறைந்து சாத்துவதையும் அவர்கள் சொல்லக்கூடும்; அவற்றைத் திருத்திக்கொள்வதாக வாக்குக் கொடு. அதன் பிறகு உன் குறையை நேர விவரத்தோடு, குற்றம் சாட்டாமல், தெளிவாகச் சொல். போகும்போது மிக்ஸிக்கு ஒரு ரப்பர்த் துண்டையும் வாங்கிக் கொண்டுபோ. விடியற்காலை 5 மணிக்கு அங்கே யாருக்காகச் சமையல் நடக்கிறது என்பதை அறிந்துகொண்டு, எனக்கு மறுகடிதம் எழுது. உன் உறக்கத்தைப் பற்றிய செய்தியோடு அந்தச் செய்தியையும் எதிர்பார்த்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தைக் கோரும்
பெரியப்பா