மெர்போக் ஆற்றங்கரையில் பழங்காலக் கடாரம்

விடுமுறை நாள்களில் பேராக் மாநிலத் தோட்டத்து மக்கள் பினாங்குக்கும் தண்ணீர்மலைக் கோயிலுக்கும் சென்று வருவது வழக்கம். அங்கிருந்து வடக்கே, கெடா மாநிலத்தில், மெர்போக் என்னும் சிற்றூர் உள்ளது. நெல்வயல்களும் பால்மரத் தோட்டங்களும் கம்பங்களும் சூழ்ந்த ஆரவாரமற்ற ஊர் அது. அதனருகே மெர்போக் ஆறு கடலை நோக்கி அமைதியாக ஓடுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இந்த ஆற்றில் வெளிநாட்டுக் கப்பல்கள் வந்து தங்கின என்பதைப் பலர் அறியார்.

கப்பல்கள் இங்கு வந்தது ஏன்?

மெர்போக்கை அடுத்து குனோங் ஜெராய் மலை 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்குத் தொலைவிலேயே தெரிந்த அடையாளம் அது. அக்காலத்தில் பாய்மரக் கப்பல்கள் பருவக் காற்றை நம்பியே ஓடின. காற்று திசை மாறும் வரை வணிகர்கள் கரையில் பல மாதங்கள் தங்க நேர்ந்தது. ஆகவே ஆற்றோரத்தில் துறைகளும் குடியிருப்புகளும் வழிபாட்டிடங்களும் எழுந்தன. பூஜாங் பள்ளத்தாக்கு என்று இன்று வழங்கும் இப்பகுதியில் பெங்காலான் பூஜாங் என்னும் இடத்தைத் தோண்டியபோது, சீனப் பீங்கான் ஓடுகளும் மேற்காசிய நாட்டுக் கண்ணாடித் துண்டுகளும் ஏராளமாகக் கிடைத்தன.

பழந்தமிழர் இப்பகுதியைக் கடாரம் என்று அழைத்தனர். பட்டினப்பாலையில் வரும் காழகம் என்னும் சொல்லுக்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரம் என்றே பொருள் கூறுகிறார். கி.பி. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் கடாரத்தின்மீது படையெடுத்தான். ஆயினும் இரு நாடுகளின் உறவு போரோடு முடிந்துவிடவில்லை. அதற்கு முன்பே, இராசராச சோழன் காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரை ஒன்றை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் தானமாக அளிக்கப்பட்ட செய்தி செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுள்ளது.

அங்கே காணத்தக்கவை

ஈப்போவிலிருந்து இரயிலில் சுங்கைப் பட்டாணிக்குச் சென்று, அங்கிருந்து சாலை வழியாக மெர்போக்கை அடையலாம். ஊரை அடுத்த மலையடிவாரத்தில் தொல்பொருள் காட்சியகம் இருக்கிறது. அதன் வளாகத்தில், ஓடையின் அருகே, புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கருங்கல் அடித்தளத்தைக் காணலாம். ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் 1936-37ஆம் ஆண்டுகளில் இதனை அகழ்ந்தார். பின்னர் 1959-60ஆம் ஆண்டுகளில் இது சீரமைக்கப்பட்டது. கருவறையும் முன் மண்டபமும் இருந்த அமைப்பு இன்றும் தெளிவாகத் தெரிகிறது. தூண்களும் கூரையும் மரத்தாலானவை. ஆதலால் அவை அழிந்துபோயின. தூண்களைத் தாங்கிய கற்கள் மட்டும் எஞ்சியுள்ளன.

இக்கோயிலின் அடித்தளத்தில் கற்பேழைகள் கிடைத்தன. பொன்னும் மணியும் அவற்றில் இடப்பட்டிருந்தன. நம் தோட்டத்துக் கோயில்களைக் கட்டும்போதும் அடியில் பொன்னும் மணியும் வைக்கும் வழக்கம் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கினால் வரலாறு அவர்கள் மனத்தில் எளிதில் பதியும். வேறிடங்களில் கண்டெடுக்கப்பட்ட சில கோயில்களின் அடித்தளங்களும் இவ்வளாகத்துக்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் அமைக்கப்பட்டுள்ளன.

அண்மையிலுள்ள சுங்கை பத்து, செம்பனை மரங்கள் நின்ற நிலமாகும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டு முதல் அங்கு அகழ்ந்து, இரும்பு உருக்கிய இடங்களையும் செங்கல் கட்டடங்களையும் கண்டனர். உலைக்குக் காற்றைச் செலுத்தப் பயன்பட்ட களிமண் குழாய்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. கோயில்களைப் பற்றிப் பேசும் நாம், உலையருகே வெந்து உழைத்தவர்களையும் நினைத்தல் வேண்டும்.

நம் கடமை

இத்தகைய எச்சங்கள் பலவும் தோட்ட நிலங்களிலும் கம்பங்களிலும் மண்மூடிக் கிடந்தவை. அறியாமையால் அவை அழிவதும் உண்டு. 11ஆம் எண்ணிடப்பட்ட பழங்கோயிலின் எச்சம் வீடமைப்புக்காக நிலம் திருத்தப்பட்டபோது இடிக்கப்பட்டது 2013ஆம் ஆண்டில் வெளியாகி, நாடெங்கும் வருத்தத்தை விளைவித்தது. இடிந்த சுவரைத் திரும்பக் கட்டலாம். ஆனால் எந்தக் கல் எந்த ஆழத்தில், எதனருகே கிடந்தது என்னும் சான்றை மீண்டும் பெற இயலாது.

பேராக்கின் மண்ணும் வெறும் மண் அன்று. 1936ஆம் ஆண்டு பீடோர் ஈயச் சுரங்கம் ஒன்றில் எட்டுக் கைகளையுடைய அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை கிடைத்தது. கோலா செலின்சிங்கில் விஷ்ணுவர்மன் பெயர் பொறித்த முத்திரைக்கல் கண்டெடுக்கப்பட்டது. ஆகவே மறுநடவுக்குக் குழி தோண்டும்போதோ கால்வாய் வெட்டும்போதோ பழைய செங்கல், செதுக்கிய கல், பானை ஓடு, உலோகச் சிலை முதலியன தென்பட்டால், செய்ய வேண்டியவை இவை:

1. அவ்விடத்தில் தோண்டுவதை உடனே நிறுத்துக.
2. பொருளைப் பெயர்க்காமலும் கழுவாமலும் இருந்த இடத்திலேயே விடுக.
3. தோட்ட நிருவாகத்துக்கும் மாவட்ட அதிகாரிக்கும் தாமதமின்றித் தெரிவிக்க. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டமும் கண்டெடுப்பவர் அறிவிக்க வேண்டுமென விதிக்கிறது.

மெர்போக்கிற்குச் செல்வோர் ஒரு சிறு கல்லையும் நினைவுப் பொருளாக எடுத்து வருதல் ஆகாது. பிள்ளைகளை அழைத்துச் சென்று, பொறுமையாகப் பார்த்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இடங்கொடுங்கள். மண்வெட்டியில் தட்டுப்படும் செங்கல் என்னவென்று அறிந்த தொழிலாளி ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தால், அந்தத் தோட்டத்து மண்ணுக்கு அவரே நல்ல காவலர் ஆவார்.