கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எண்

அமெரிக்காவிலும் கனடாவிலும் புதிதாகப் பிக்கப் ட்ரக் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, "எத்தனை பவுண்டு இழுக்கும்?" என்றுதான். விளம்பரங்களும் அந்தக் கேள்விக்கே பதில் சொல்கின்றன. 2021 மாடல் எஃப்-150க்கு ஃபோர்டு சொன்ன உச்ச எண் 14,000 பவுண்டு. 2019 மாடலாகப் புதிதாக வந்த ராம் 1500க்கு 12,750. வார நாட்களில் அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி, காஸ்ட்கோ. கோடையில் 7,000 பவுண்டு கேம்பிங் ட்ரெய்லர். இரண்டுக்கும் ஒரே வண்டி வேண்டும் என்பவருக்கு இந்த எண்களைப் பார்த்ததும் கவலை தீர்ந்துவிடும். அங்கேதான் பிசகுகிறது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இழுவை எண்ணை எட்டுவதற்கு வெகு முன்பே வேறொரு வரம்பு வந்து நிற்கும்: ட்ரக் தன் முதுகில் எவ்வளவு தாங்கும் என்ற பேலோட். ஆகவே ஒரே ட்ரக்கில் இழுக்கவும் அன்றாடம் ஓட்டவும் விரும்புகிறவர் பேலோடை வைத்தே வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்பது என் உறுதியான கருத்து.

பேலோடை எங்கே பார்ப்பது? விற்பனைத் தாளில் பார்க்கக் கூடாது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து பொருந்தும் தூணில், டயர் காற்றழுத்தம் அச்சிட்ட மஞ்சள் பட்டையுடன் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவை, அதாவது இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி வரும். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அந்த ஒரு வண்டிக்கு உரிய எண் அது. பக்கத்தில் நிற்கும் அதே நிற, அதே மாடல் வண்டிக்குக்கூட வேறு எண் இருக்கலாம். டேங்க் நிறைய எரிபொருள் ஊற்றிய எடையை ஏற்கெனவே கழித்துவிட்டார்கள். ஓட்டுபவரின் எடையைக் கழிக்கவில்லை. அது நம் கணக்கில்தான் வரும். பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. ட்ரெய்லரின் முன்முனை ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தும் எடையும் இந்த பேலோடுக்குள்ளேயே அடக்கம். டங் வெயிட் என்று சொல்லப்படும் அந்த எடை, சாதாரண கேம்பிங் ட்ரெய்லருக்கு அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 11,000 பவுண்டு இழுக்கும் என்று சொல்லப்படும், எஃப்-150, ராம் 1500 போன்ற ஒரு ஹாஃப் டன் ட்ரக். கதவு ஸ்டிக்கரில் 1,450 பவுண்டு. ட்ரெய்லர் காலியாக 5,900, சாமான் ஏற்றியபின் 7,000. அந்த இடைவெளி எப்படி வந்தது என்று யாரும் வியக்க வேண்டாம். ஒரு கேலன் தண்ணீரே 8.34 பவுண்டு, 40 கேலன் டேங்க் நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல். பேட்டரியும் இரண்டு கேஸ் சிலிண்டர்களும் பெரும்பாலும் ட்ரெய்லரின் மூக்கிலேயே உட்காருவதால் அவற்றின் எடை ஏறக்குறைய முழுவதும் ட்ரக்கின் மேல்தான் இறங்கும். டங் வெயிட்டை 13 சதவீதம் என்று வைத்தால் 910 பவுண்டு. எடையைப் பகிரும் ஹிட்ச் கருவிக்கு (வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்) 90. பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், சேர்த்து 520. மொத்தம் 1,520. பின்தொட்டியில் இன்னும் ஒரு பொருளும் வைக்கவில்லை, அதற்குள் வரம்பு தாண்டிவிட்டது. ஜெனரேட்டர், ஐஸ் நிரப்பிய கூலர், நான்கு சைக்கிள், தொட்டி மூடி எல்லாம் சேர்த்து இன்னொரு 310 என்றால் 1,830. வரம்புக்கு மேல் 380 பவுண்டு. இழுவை எண்ணிலோ மூன்றில் இரண்டு பங்குகூடச் செலவாகவில்லை. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து கோடை முழுவதும் தங்கும் வீடுகளில் இன்னும் இரண்டு பேரின் எடையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் இழுவை எண் பொய்யா? இல்லை. எஸ்ஏஇ ஜே2807 என்ற பொதுச் சோதனை முறை வருவதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எண் சொன்னது. டொயோட்டா 2011 மாடல் டண்ட்ராவிலேயே அந்த முறையை ஏற்றது; அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் ஹாஃப் டன் வண்டிகளுக்கு அதை ஏற்க 2015 மாடல்கள் வரை ஆனது. சோதனை கடுமையானதுதான். அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு மேலே செல்லும் 11.4 மைல் ஏற்றத்தில், கொளுத்தும் வெயிலில், ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ட்ரக் ஏறியாக வேண்டும். இன்ஜினும் கியர்பாக்ஸும் குளிரூட்டும் அமைப்பும் தாங்குமா என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது தலா 150 பவுண்டு எடையுள்ள இரண்டே பேர். பின்னிருக்கையில் பிள்ளைகள் இல்லை, தொட்டியில் சாமான் இல்லை, டங் வெயிட்டும் 10 சதவீதம்தான். உண்மையான எண் அது. ஆனால் வேறொருவருடைய பயணத்துக்கான எண். உங்கள் குடும்பத்தின் எண் கதவுத் தூணில் இருக்கிறது.

அன்றாட ஓட்டமும் இழுவையும் ஒன்றோடொன்று மோதுவது இந்த இடத்தில்தான். தினமும் ஓட்டுகிறோம், கொஞ்சம் வசதியாக இருக்கட்டும் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் கூரை முழுக்கக் கண்ணாடி, தானே இறங்கும் படிக்கட்டு, பெரிய சக்கரம், நான்கு சக்கர ஓட்டம், காற்றூதும் இருக்கை ஒவ்வொன்றும் வண்டியின் சொந்த எடையைக் கூட்டுகிறது. வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த வரம்பு அப்படியே இருப்பதால், கூடிய எடை முழுவதும் பேலோடிலிருந்தே கழிகிறது. அதனால் ஒரே மாடலில், ஃபோர்டின் எக்ஸ்எல்டி போன்ற விலை குறைந்த வகை வண்டி 1,800 பவுண்டு தாங்கும்போது, உச்ச வகை வண்டி 1,300ஐத் தொடவே திணறுவதைக் காணலாம். 20,000 டாலர் கூடுதலாகக் கொடுத்துக் குறைவாகச் சுமக்கும் வண்டியை வாங்குகிறோம் என்று விற்பனையாளர் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஹைபிரிட் வண்டிகளிலும் இதே கதை: நகருக்குள் பெட்ரோல் மிச்சமாகும், முகாமில் மின்சாரமும் தரும், ஆனால் பேட்டரியின் எடைக்குப் பேலோட் விலை கொடுக்கிறது. ட்ரெய்லர் சிறியதாக இருந்தால் நான் ஹைபிரிட்டையே சொல்வேன். 6,000 பவுண்டுக்கு மேல் போனால் துணி இருக்கையும் சாதாரணக் கூரையும் உள்ள நடுத்தர வகைதான் என் தேர்வு.

இதற்கு வரும் முதல் மறுப்பு: "வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் மாட்டினால் போயிற்று, போதாதென்றால் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக் வைத்துக்கொள்ளலாம்." முதலாவது நல்ல கருவி, நடுத்தர ட்ரெய்லருக்கு அவசியமானதும்கூட. பின் அச்சில் குவியும் எடையில் ஒரு பங்கை முன் சக்கரங்களுக்கும் ட்ரெய்லரின் சொந்த அச்சுகளுக்கும் தள்ளுகிறது. ஸ்டீயரிங் மறுபடி பிடிப்போடு நிற்கும். ஆனால் முன் சக்கரத்துக்குப் போன எடையும் ட்ரக்கின் மேல்தான் இருக்கிறது. ட்ரெய்லர் அச்சுக்குத் திரும்பும் பங்கு மட்டுமே உண்மையான லாபம். அதை டங் வெயிட்டில் ஐந்தில் ஒன்று என்று தாராளமாக வைத்தாலும் மேலே போட்ட கணக்கில் 180 பவுண்டுதான் குறையும். மீதி 200 பவுண்டு அப்படியே நிற்கிறது. ஏர்பேக்கோ தொங்கிய பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும், அவ்வளவே. அச்சின் வரம்பும் டயரின் வரம்பும் பிரேக்கின் வரம்பும் ஓர் அவுன்ஸ்கூட மாறுவதில்லை. இதில் இன்னும் ஆபத்தான குறுக்குவழி ஒன்று உண்டு. டங் வெயிட் அதிகம் என்று தெரிந்ததும் சிலர் சாமான்களை ட்ரெய்லரின் பின்பக்கம் தள்ளுகிறார்கள். முன்முனை எடை 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலை வேகத்தில் ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். பெரிய லாரி ஒன்று கடக்கும்போது எழும் காற்றே அதற்குப் போதும். அந்த ஆட்டம் ஒருமுறை பிடித்துவிட்டால் ட்ரக்கையும் சேர்த்து இழுத்துப்போட்டுவிடும். பேலோட் கணக்கில் மிச்சம் பிடிப்பதற்காக யாரும் இதைச் செய்யவே கூடாது.

இரண்டாவது மறுப்பு அனுபவத்தின் பெயரால் வருகிறது: "இன்னார் வருஷக்கணக்காக இப்படித்தான் இழுக்கிறார், ஒன்றும் ஆகவில்லை." ஆகாமல் இருக்கலாம். சமதளச் சாலையில், மிதமான வெயிலில், எதிரே யாரும் குறுக்கே வராத நாளில் அதிகச் சுமை தன்னைக் காட்டிக்கொள்ளாது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போதும், ஜூலை மாதத்தில் பின் டயர் தன் எல்லையில் ஓடும்போதும், சட்டென்று ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டிய அந்த ஒரு நொடியிலும்தான் வரம்புக்கும் சுமைக்கும் நடுவே இடைவெளி தேவைப்படுகிறது. பொறியாளர்கள் விட்டு வைத்த இடைவெளி அந்த நொடிக்காக. சாமான் ஏற்றுவதற்காக அதை எடுத்துச் செலவழிப்பது, உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பாதுகாப்பை எடுத்துச் செலவழிப்பதுதான்.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மதிக்கிறேன்: "இவ்வளவு கணக்கு எதற்கு? ஒரேயடியாக முக்கால் டன் வண்டி வாங்கிவிடலாமே." எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500 ஆகியவை பெட்ரோல் இன்ஜினோடு வந்தால் பெரும்பாலும் 3,000 பவுண்டை ஒட்டிச் சுமக்கும், ட்ரெய்லர் 8,000 பவுண்டைத் தாண்டினால் இதைத் தவிர வேறு வழியும் இல்லை. டீசல் என்றால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இன்ஜின் எடை கூடுவதால் சில டீசல் வண்டிகளின் கதவு எண் 2,000 பவுண்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். இழுவைத் திறன் மலையளவு, தாங்கும் திறன் ஒரு நல்ல ஹாஃப் டன் வண்டியை விடச் சற்றே அதிகம். அன்றாட வாழ்க்கையையும் எண்ணிப் பாருங்கள். எஃப்-250 நான்கு கதவு வண்டி நீளத்தில் 20 அடியைத் தாண்டுகிறது. பல வீடுகளின் கராஜ் கதவு அதற்குப் பின்னால் மூடாது. காலியாக ஓடும்போது பின் ஸ்பிரிங் ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்புக்குச் சொல்லும். மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டுக்கு மேற்பட்ட பிக்கப்களுக்கு அமெரிக்க அரசின் மைலேஜ் ஸ்டிக்கரும் கிடையாது. எவ்வளவு குடிக்கும் என்பது வாங்கியபின்தான் தெரியும். ஆண்டில் சில வார இறுதிகளுக்காக மீதி நாள் முழுவதும் இதை ஓட்டுவது பலருக்குத் தண்டனையாகிவிடும். அப்படிப்பட்டவருக்கு என் பரிந்துரை பெரிய ட்ரக் அல்ல, சிறிய ட்ரெய்லர். 5,500 பவுண்டுக்குள் அடங்கும் ட்ரெய்லரும் 1,700 பவுண்டு தாங்கும் ஹாஃப் டன் வண்டியும் சேர்ந்தால் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு வேலையும் நிம்மதியாக நடக்கும்.

பேலோட் ஒத்துவந்த பிறகு மற்றவற்றைத் தீர்ப்பது எளிது. டோ பேக்கேஜைத் தொழிற்சாலையிலேயே போட்டு வாங்குங்கள். கூடுதல் குளிரூட்டலும் டேஷ்போர்டிலேயே பொருந்திய ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரும் பிறகு வெளியே மாட்டுவதை விட ஒழுங்காக வேலை செய்யும். அச்சு விகிதம் 3.31ஐ விட 3.55 அல்லது 3.73 இழுவைக்கு நல்லது. பத்து கியர் வந்தபின் அன்றாட மைலேஜில் அதற்காக இழப்பது கொஞ்சம்தான். கொலராடோ மாதிரி மலைப்பகுதிக்குப் போகிறவர் டர்போ இன்ஜினைப் பாருங்கள். ஐ-70 சாலையில் ஐசனோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் அந்த உயரத்தில் தன் வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கும். இழுக்கும்போது கேலனுக்கு 9 மைல்தான் கிடைக்கும் என்று வைத்தால், எஃப்-150இல் 26 கேலன் டேங்குக்கும் 36 கேலன் டேங்குக்கும் நடுவே 90 மைல் வித்தியாசம். ட்ரெய்லரோடு பெட்ரோல் பங்கில் திரும்புவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தவர் அந்தக் கூடுதல் காசைத் தயங்காமல் கொடுப்பார். மின்சார ட்ரக் அன்றாட ஓட்டத்துக்கு அருமை. ஆனால் உயரமான ட்ரெய்லரைக் கட்டினால் ஓடும் தூரம் பாதியாகிவிடுவதால், நீண்ட பயணம் போகும் குடும்பத்துக்கு இப்போதைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். சிறிய டீசலும் அப்படியே: தினமும் மூன்று மைல் மட்டும் ஓடினால் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளப் போதுமான சூடு கிடைக்காது.

வாங்கும் வரிசையும் முக்கியம். ட்ரெய்லரை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் காலி எடையை விட்டுவிட்டு, அதன் மேல் அச்சிட்ட உச்ச எடையில் 13 சதவீதத்தை எழுதுங்கள். குடும்பத்தின் எடை, ஹிட்ச், தொட்டியில் போகும் சாமான் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதற்கு மேல் 200 பவுண்டாவது மிஞ்சும் வண்டியை மட்டும் பாருங்கள். டீலரிடம் அந்த வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்னோடு கதவு ஸ்டிக்கரின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாதவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். வாங்கியபின் முதல் பயணத்தில், முழுச் சுமையோடும் எல்லோரும் உள்ளே இருக்கும்போதும், லாரி நிறுத்துமிடங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் ஒருமுறை ஏறி நில்லுங்கள். முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சு மூன்றின் எடையும் தனித்தனியாக அச்சிட்டுக் கொடுப்பார்கள். பின் அச்சின் எடை கதவில் போட்டிருக்கும் அச்சு வரம்பைத் தாண்டியிருந்தால், அங்கேயே சாமானை இறக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.