தாம்பூலமும் வாய்ப்புற்றும்

ஆசிரியர்காள்! வெற்றிலை நம்மவர்க்கு மங்கலப்பொருள். பூசைத்தட்டிலும் மணப்பந்தரிலும் அதற்குரிய இடத்தை எவரும் மறுத்திலர். எனினும் இறைவனுக்கு நிவேதித்தல் வேறு; விடியல்முதல் உறங்குமளவும் வாயிலடக்கி வைத்தல் வேறு.

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களிற் கொழுந்து பறிப்போர் பலர், குளிருக்கும் பசிக்குந் துணையென்று வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்னும் நான்கையுங் கூட்டி மெல்லுகின்றனர். அவரை இகழ்தல் தகாது. மலைச்சரிவிலே மழையில் நிற்பவர்க்கு வேறு ஆறுதல் யாது?

புகையிலையை மாத்திரம் நீக்கினாற் போதுமென்பாருளர். அஃது உண்மையன்று. பாக்குத் தனித்தும் மனிதர்க்குப் புற்று விளைக்குமென்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூற்றொகுதி கூறுகின்றது. இலங்கை ஆடவரிடத்து மிகுந்து காணப்படும் புற்றுக்களுள் வாய்ப்புற்று முன்னிற்பது.

துடைத்தும் அகலாத வெண்படலம், செம்படலம், இருவாரங் கடந்தும் ஆறாத புண், வாயை அகலத் திறக்கமாட்டாமை என்பன அதன் முற்குறிகளாகலாம். தொடக்கத்தில் இவை பெரும்பாலும் நோவு செய்யா. நோவில்லாமையாலேயே பலர் காலந்தாழ்த்து வைத்தியரையடைந்து, வாழவேண்டிய வயதில் மாள்கின்றனர். முன்னரே கண்டால் உயிர் பிழைத்தல் பெரிதும் கூடும்.

லயத்திலே பாட்டிக்கு உரலில் வெற்றிலை இடித்துக் கொடுக்கும் பிள்ளை, தானும் ஒரு துண்டு பாக்கை வாயிலிட்டுக்கொள்ளுதல் உண்டு. பழக்கம் அங்கே தொடங்குகின்றது. அப்பிள்ளையிடம் முதலிற் பேசுக. (வகுப்பில் மென்றுகொண்டே பேசுதல் பயன்படாது.) பின்பு பெற்றோரைக் கண்டு, மேற்கூறிய குறி உடையாரை அரசினர் வைத்தியசாலைப் பல்வைத்தியரிடம் அனுப்புக. அங்கே கட்டணமில்லை, வாயைப் பார்ப்பதற்குச் சில நிமிடமே செல்லும்.