எடைக்குறைப்பு அறுவைக்குப் பின்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: வேலூரில் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. எடை நன்றாகக் குறைந்துவிட்டது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இனியும் இரத்தப் பரிசோதனை தேவையா? (வாசகர், குடிபாலா)

பதில்: தேவை, அதுவும் ஆயுள் முழுவதும். இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டியெடுக்கும் இம்முறையில், வைட்டமின் பி12-ஐக் குடல் உறிஞ்சுவதற்குத் துணைபுரியும் புரதத்தைச் சுரக்கும் பகுதியும் சேர்ந்தே குறைந்துபோகிறது. ஆனால் கல்லீரலில் அந்த வைட்டமின் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருப்பதால், பற்றாக்குறை உடனே தலைகாட்டாமல், எல்லாம் சரியாகிவிட்டது என்று நோயாளி மருத்துவமனைப் பக்கம் போவதை நிறுத்திய பிறகே இரத்தசோகையாகவும் கால் மரத்தலாகவும் மறதியாகவும் வெளிப்படுகிறது. கால் மரத்துப்போன பின் கண்டறியப்பட்டால் நரம்பு முழுமையாக மீளும் என்று எவராலும் உறுதி கூற இயலாது.

முதல் ஆண்டில் 3, 6, 12ஆம் மாதங்களிலும் அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும் ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும். இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டோர் துத்தநாகம், தாமிரம், வைட்டமின் ஏ ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது. இரத்தத்தில் கால்சியம் சரியாக உள்ளது என்னும் ஒற்றை வரியைக் கண்டு நிறைவடைபவர் பலர். இரத்தத்தின் அளவு குறையாமலிருக்க உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் அந்த எண் கடைசிவரை சரியாகவே இருக்கக்கூடும். அவ்வாறு எடுக்கச் செய்யும் பாராதைராய்டு ஹார்மோன் உயர்ந்திருப்பதே முதல் எச்சரிக்கையாகும். இதற்காக ஒவ்வொரு முறையும் வேலூர் செல்ல வேண்டியதில்லை. சித்தூரில் உள்ள நல்ல ஆய்வகம் ஒன்றில் இரத்தம் கொடுத்து, அறிக்கையை அறுவை செய்த மருத்துவருக்கு அனுப்பினால் போதும்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் இரவு உணவுக்குப் பின் ஒன்றாக விழுங்கலாமா? (வாசகி, நகரி)

பதில்: கூடாது. ஒன்று மற்றொன்றைக் குடலில் தடுத்துவிடும் என்பதால் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் தேநீரும் காப்பியும் ஆகா.

கேள்வி: அன்றாடம் ராகி சங்கடி (கேழ்வரகுக் களி) உண்பவருக்குக் கால்சியம் மாத்திரை எதற்கு? (வாசகர், சித்தூர்)

பதில்: கேழ்வரகு மாவு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு என்பது உண்மை. ஆனால் ஸ்லீவ், பைபாஸ் செய்துகொண்டவருக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வேண்டும். நான்கு வாய்க் களியில் நிறைந்துவிடும் வயிற்றில் அத்தனை மாவு எங்கே கொள்ளும்? அதிலுள்ள கால்சியத்தின் ஒரு பகுதியையும் தானியத்தின் ஃபைடிக் அமிலம் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்கிறது. களியை விட வேண்டாம். மாத்திரையையும் விட வேண்டாம். இரைப்பை அமிலம் குறைந்தவருக்குக் கால்சியம் கார்பனேட்டைவிடக் கால்சியம் சிட்ரேட் எளிதில் உடலில் சேரும் என்பதால் அட்டையின் பின்புறத்தைப் படித்து வாங்குவது முறை. ஒரு வேளைக்கு 500 அல்லது 600 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: பைபாஸ் முடிந்து ஆறு வாரமான மனைவிக்கு அடிக்கடி வாந்தி வருகிறது. தெம்புக்காக ஊர் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளலாமா? (வாசகர், பலமனேர்)

பதில்: இக்கேள்விக்கு அச்சில் விடை வரும்வரை காத்திராமல் அறுவை செய்த மருத்துவமனையை உடனே அணுகியிருக்க வேண்டும் என்பதே முதல் பதில். ஆறாவது வாரத்தில் தொடரும் வாந்திக்குக் குடல் இணைப்பு சுருங்கிப்போனதும் காரணமாக இருக்கலாம். அதை எண்டோஸ்கோப்பி செய்து அறியலாம்.

இரண்டாவது பதில் குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றியது. தயமின் எனப்படும் வைட்டமின் பி1-இன் மொத்தக் கையிருப்பே உடலில் 30 மில்லிகிராம் அளவில்தான் உள்ளது. உணவு தங்காவிட்டால் அது இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். குளுக்கோஸை ஆற்றலாக மாற்றத் தயமின் இன்றியமையாதது என்பதால், தயமின் வற்றிய உடலில் குளுக்கோஸை ஏற்றும்போது எஞ்சியிருந்த துளியும் செலவாகி, மூளையின் சில பகுதிகள் ஒரே நாளில் பழுதுபடக்கூடும். கண்கள் நிலைகொள்ளாமல் ஆடுவது, பார்வை இரட்டையாவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது ஆகியன வெர்னிக்கே எனப்படும் இந்நோயின் அடையாளங்கள்; இவை எல்லாம் ஒருசேரத் தோன்ற வேண்டும் என்பதில்லை. காலம் தாழ்ந்தால் புதிய நினைவுகளைச் சேர்க்கும் ஆற்றலே நிரந்தரமாக அழிந்துபோகிறது. முப்பது, நாற்பது வயதுள்ள ஒரு பெண்ணுக்கு, மிக மலிவான ஒரு தயமின் ஊசி போடப்படாத ஒரே காரணத்தால் இப்படி நேர்வது மன்னிக்கத்தக்கதன்று.

இத்தனைக்கும் தயமின் குறைபாடு தென்னிந்தியா அறியாததும் அன்று. சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் மாவட்டங்களில் தீட்டிய பச்சரிசி உண்டோரிடையே தயமின் குறையால் வரும் பெரிபெரி பரவியிருந்தபோது, தெற்கே புழுங்கலரிசி உண்டோரிடம் அது அரிதாக இருந்தது. ஏனெனில், புழுக்கும்போது அச்சத்து அரிசியின் உட்புறம் ஊடுருவித் தங்கிவிடுகிறது. அந்நோயை ஆராய 1918இல் குன்னூரில் ராபர்ட் மக்கரிசன் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்கு இடம்மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. நூறாண்டுக்கு முன் பெற்ற அறிவு கிளினிக்கின் கட்டில்வரை வந்து சேராதது பெருங்குறை.

ஆகவே எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரும் டிஸ்சார்ஜ் சீட்டின் நகலைக் கையிலேயே வைத்திருந்து, எந்த ஊரில் எந்த மருத்துவர் டிரிப் ஏற்ற முனைந்தாலும் அறுவையைப் பற்றிக் கூறி, முதலில் தயமின் ஊசி, பிறகே குளுக்கோஸ் என்று கேட்டுப் பெற வேண்டும். ஐயம் இருக்குமானால் ஆய்வக முடிவுக்காகவும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: நான்காம் மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. பயோட்டின் சாப்பிடலாமா? (வாசகி, திருப்பதி)

பதில்: அஞ்ச வேண்டாம். எடை வேகமாகக் குறையும்போது மூன்றாம் மாதம் முதல் முடி உதிர்வது இயல்பு. வேர் உயிரோடிருப்பதால், திருமலையில் முடிகாணிக்கை செலுத்திய தலையைப்போல் சில மாதங்களில் மீண்டும் நிறைந்துவிடும். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உள்ளே போகிறதா என்பதையும் ஃபெரிட்டின், துத்தநாக அளவுகளையும் பார்த்தால் போதும். பயோட்டின் பெரும்பாலும் பயன் தருவதில்லை. மிகுந்த அளவில் உட்கொண்டால் தைராய்டு முதலிய சோதனைகளின் முடிவையும் அது பொய்யாக்கிவிடும்.

கேள்வி: சென்ற தையில் பைபாஸ் செய்துகொண்ட மகளுக்கு இவ்வாண்டே திருமணம். குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போட வேண்டுமா? (தாய், புத்தூர்)

பதில்: அறுவை முடிந்து 12 முதல் 18 மாதங்கள்வரை தள்ளிப்போட வேண்டும். எடை குறைந்தவுடன் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதாலும், பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரிவர உறிஞ்சப்படாமல் போகக்கூடும் என்பதாலும் வேறு கருத்தடை முறையை மகப்பேறு மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். கருவுறுமுன் வைட்டமின் மாத்திரையையும் அவரிடம் காட்டுவது அவசியம். ரெட்டினால் வடிவிலுள்ள வைட்டமின் ஏ மிகுந்தால் கருவுக்குத் தீங்கு என்பதால் பீட்டா கரோட்டின் உள்ளதற்கு மாற்றித் தருவார். கர்ப்பகாலச் சர்க்கரைக்காகக் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் சொன்னால் அறுவையைப் பற்றி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். குடலில் சர்க்கரை திடீரெனப் பாய்ந்து படபடப்பும் மயக்கமும் வரக்கூடும் என்பதால் விரலில் குத்திப் பார்க்கும் சோதனையே இவர்களுக்குப் பொருத்தமானது.

கேள்வி: பைபாஸ் செய்தவர் மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்கலாமா? (வாசகர், காட்பாடி)

பதில்: கூடவே கூடாது, குடல் இணைப்பில் புண் வந்து இரத்தம் கசியும். பாராசிட்டமாலால் வலி அடங்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.