சைலன்சரில் வெள்ளைப் புகையா?

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி போனவர்கள் கவனித்திருப்பீர்கள். காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து வெள்ளை வெளேரென்று கிளம்பும். 'ஐயையோ, வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சு' என்று பதற வேண்டாம். அது வெறும் தண்ணீர்தான்!

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்வதால் வருவது இது. சென்னை வெயிலில் ஆவியாகவே கலந்து மறைந்துவிடும். குளிர்காற்று பட்டால் நுண்ணிய துளிகளாகி கண்ணுக்குத் தெரிகிறது. குளிரில் பேசும்போது நம் வாயிலிருந்து 'புகை' வருகிறதே, அதே சமாச்சாரம்! வண்டி சூடானதும் பெரும்பாலும் குறைந்துவிடும். அப்புறமும் அடர்த்தியாக வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பயப்பட வேண்டிய ஆசாமி வேறு. அதே சைலன்சரில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமாகப் பற்றிக்கொள்ளும். அதனால் குளிருக்குப் பயந்து ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு என்ஜினை ஓடவிடாதீர்கள். கதவைத் திறந்து வைத்தாலும் ஆபத்துதான். வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கண்ணைச் சொக்கும் தூக்கம்... 'மலை ஏறி வந்த களைப்பு' என்று பலர் இருந்துவிடுவார்கள். காரில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் உடனே திறந்தவெளிக்கு வாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும், ஓடும் வண்டிக்குள் இருந்ததை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆக்ஸிஜன் கொடுப்பார்கள்.