வெற்றிலை வட்டாவும் வாய்ப்புற்றுநோயும்

நம் கிராமங்களில் வீட்டுக்கு வருபவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்போம். அடுத்து வெற்றிலை வட்டாவை முன்னே வைப்போம். யானைக்காவலுக்கு இரவு முழுவதும் விழித்திருப்பவருக்கும் வெற்றிலையே துணை. 2006ஆம் ஆண்டு சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தவர்களில் பலர், வயலும் வேலையும் இல்லாத பொழுதை வெற்றிலை போட்டே கழித்தார்கள். பசியையும் கவலையையும் சற்று மறக்க அது உதவியது. ஆகவே இப்பழக்கம் உள்ளவரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலையை அறிந்திருக்க வேண்டும்.

இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். வெற்றிலை பாக்கு, புகையிலை, மதுபானம் ஆகியவையே இதன் முக்கிய காரணங்கள். மூன்றுமே நாம் விடக்கூடியவை.

பாக்கு மட்டும் போட்டால் பாதகமில்லையா?

"நான் புகையிலை சேர்ப்பதில்லை, எனக்கு ஒன்றும் வராது" என்று பலர் கூறுவர். இது தவறான எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம், புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கலவை புற்றுநோயை உண்டாக்கும் என 1985இல் அறிவித்தது. 2003இல் கூடிய அதன் நிபுணர் குழு, புகையிலை சேராத கலவையும், தனிப்பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என முடிவு செய்தது.

பாக்கிலுள்ள அரிக்கோலின் முதலிய பொருட்கள் கன்னத்தின் உட்தோலை நாளடைவில் தடிப்பாக்கி இறுகச் செய்கின்றன. உறைப்புக்கறி பட்டால் வாய் எரியும். முன்போல் திறக்க முடியாது. இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. புகைத்தலும் சாராயமும் கசிப்பும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. வெற்றிலை, பாக்கு, புகையிலையை முற்றாக விடுவதே நல்லது. ஒரேயடியாக முடியாதவர் முதலில் புகையிலையை விடட்டும். கூட்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உறங்குவதை உடனே நிறுத்தட்டும். வாய் தேடும்போது சிறிது பெருஞ்சீரகம் மெல்லலாம்.

2. பீடி, சுருட்டு, சிகரட், மதுபானம் ஆகியவற்றைத் தவிர்ப்போம்.

3. முருங்கையிலை, பொன்னாங்காணி, பப்பாசி, கொய்யா ஆகியவற்றை வளவில் வளர்த்து நாளாந்தம் உண்போம்.

4. பிள்ளைகளிடம் பாக்கையோ புகையிலையையோ கொடுக்க வேண்டாம். கடைக்கு அனுப்பி வாங்குவிக்கவும் வேண்டாம். பைக்கற்றில் வரும் மெல்லும் புகையிலைப் பொருட்களின் விற்பனையை அரசாங்கம் 2016இல் தடைசெய்தது.

மாதம் ஒருமுறை வாயைப் பாருங்கள்

வாயைக் கொப்பளித்து, வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்து, கன்னங்களின் உட்புறம், முரசு, நாக்கின் மேலும் கீழும் ஓரங்களும், அண்ணம் ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தடிப்பு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருக்கிறதா? உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வாய்க்குள் நுழைகின்றனவா? ஐயம் இருந்தால் அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் உடனே செல்லுங்கள். பரிசோதனையும் சிகிச்சையும் அங்கு இலவசம். "நோவில்லையே" என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் நோவதில்லை.

இவ்வாறு பார்ப்பதில் பயன் உண்டா? திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என 2005இல் வெளியான அறிக்கை கூறுகிறது. அதற்கு முன்பே 1980களில் இலங்கையிலும் இத்தகைய முயற்சி நடந்தது. ஆனால் வாயில் மாற்றம் கண்டு அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரே மறுபரிசோதனைக்கு வந்தார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வேலை, பயணச் செலவு, பயம் என்று நமக்கும் இதே தடைகள் உண்டு. அயலவர் ஒருவர் உடன் சென்றால் இத்தடைகள் பாதியாகும்.

குழுவில் கலந்துரையாட

1. ஒரு நாள் வெற்றிலை, பாக்கு, புகையிலைக்கு நம் வீட்டில் எவ்வளவு செலவாகிறது? மாதத்துக்கு எவ்வளவு?

2. விருந்தினருக்கு வட்டாவுக்குப் பதிலாக எதை வைக்கலாம்?

3. வாயில் மாற்றம் கண்டவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல நம்மில் யார் முன்வருவர்?