பொற்றலைக் கையாந்தகரை – பார்த்துப் பறிப்போம்!



போன ஆடி மாதம் என் தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் மஞ்சளாகி, சோறே இறங்கவில்லை. அப்பாயி என்னைக் கூப்பிட்டு, "வாய்க்கா ஓரத்துல மஞ்சப்பூ பூத்த கரிசலாங்கண்ணி இருக்கும். ஒரு கைப்பிடி பறிச்சிட்டு வாடா" என்றார். நான் வாய்க்கால் வரை போகவில்லை. தெருமுனையில் ஒரு வீட்டு வாசலில் மஞ்சள் பூச்செடி படர்ந்து கிடந்தது. அதையே பறித்துக் கொடுத்தேன். அப்பாயி ஓர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அது இல்லடா, இது அழகுக்கு வைக்கிற செடி" என்று தூக்கிப் போட்டார். அன்று முதல் இந்தச் செடியைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பெயர்: பொன் + தலை = பொற்றலை. தமிழ் ஐயா நடத்திய புணர்ச்சிதான்! இது சூரியகாந்தியின் குடும்பமான ஆஸ்டரேசியைச் சேர்ந்தது. நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல சிறு பூக்கள் சேர்ந்த சிரமஞ்சரி. ஓரத்தில் இதழ் போல இருப்பவை கதிர் மலர்கள். நடுவில் இருப்பவை வட்டத்தட்டு மலர்கள். 'தலை' என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. பழைய புத்தகங்களில் வெடிலியா என்று இருக்கும்.

வாழிடம்: வாய்க்கால் கரை, வரப்பு, குளத்து ஓரம் என்று ஈரம் உள்ள இடமெல்லாம் வளரும். இது பல்லாண்டுச் செடி. தண்டு தரையில் படர்ந்து, மண்ணைத் தொட்ட கணுவிலெல்லாம் வேர் விடும். மேலே வெட்டினாலும் கீழே உயிர் இருக்கும். ஆனால் எங்கள் ஊர் வரப்புகளில் களைக்கொல்லி அடிப்பதால், இப்போது தேடித்தான் பறிக்க வேண்டியிருக்கிறது.

எப்படி அடையாளம் காண்பது?
1. மஞ்சள் கரிசலாங்கண்ணி: இலை ஒடுக்கமாக, நீளமாக, சொரசொரப்பாக இருக்கும். மடல் பிரியாது.
2. வெள்ளைக் கரிசலாங்கண்ணி: பூ வெள்ளை. வயலில் களையாக வரும். தலைக்கு எண்ணெய் காய்ச்சவும் கண்மை செய்யவும் பயன்படும்.
3. அழகுச் செடி: இலை பளபளவென்று, பெரும்பாலும் மூன்று மடலாக இருக்கும். பூ பெரியது. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. உலகில் மிக மோசமாகப் பரவும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. நான் பறித்தது இதைத்தான்!

பயன்கள்: சித்த மருத்துவத்தில் கல்லீரல் நோய்களுக்குக் கரிசலாங்கண்ணி சேர்க்கிறார்கள். வடலூர் வள்ளலார் (1823–1874) இதை உயர்ந்த கீரையாகச் சொல்லியிருக்கிறார். 1956-ல் சென்னை மாநிலக் கல்லூரியின் டி.ஆர்.கோவிந்தாச்சாரி குழுவினர் இந்தச் செடியிலிருந்து எடுத்த வெடிலோலாக்டோன் என்ற பொருளின் அமைப்பை வெளியிட்டார்கள். நம் வரப்புச் செடியின் பழைய பெயர்தான் அந்த வேதிப்பொருளுக்கும்!

ஆனால் ஒன்று. தம்பியை அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "காமாலை ஒரே காரணத்தால் வருவதில்லை. கிருமியாலும் வரும், பித்தப்பைக் கல்லாலும் வரும். பரிசோதனை செய்யாமல் நீங்களாக எந்தத் தழையும் அரைத்துக் கொடுக்காதீங்க" என்றார். அப்பாயிக்கு முதலில் கோபம்தான். அப்புறம், "சரி, புள்ள தேறட்டும், கீரையா கடைஞ்சு போடுறேன்" என்றார். தம்பி தேறினான். அப்பாயியும் சொன்னபடி பாசிப்பருப்பு போட்டுக் கடைந்தார். லேசாகக் கசந்தது, நெய் விட்டதும் சரியாகிவிட்டது.

வளர்ப்பு முறை: விதை தேட வேண்டாம். இரண்டு மூன்று கணு உள்ள தண்டாக நறுக்கி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி ஒரு சாண் இடைவெளியில் நட வேண்டும். மக்கிய சாணி எரு போதும். மண் காயக் கூடாது. வேர் பிடித்துப் படர்ந்ததும் நுனியை மட்டும் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். சாக்கடை ஓரத்திலும் மருந்தடித்த வரப்பிலும் பறிக்கக் கூடாது. எங்கே பறித்தாலும் நன்றாக அலசிய பிறகே சமைக்க வேண்டும்.

நம் பள்ளியில் குடிதண்ணீர்க் குழாயடியில் தண்ணீர் வீணாக ஓடுகிறது. அங்கே ஒரு பாத்தி போட அறிவியல் ஆசிரியர் அனுமதித்தால், திங்கட்கிழமை பத்துத் தண்டு கொண்டு வருகிறேன். இந்த முறை அப்பாயியிடம் காட்டிவிட்டுத்தான் கொண்டு வருவேன்!



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்